எழுந்து ஓட வசதியாக

கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சரி, சினிமா கொட்டகைக்குப் போனாலும் சரி, நான் முதலில் பார்ப்பது வாசலைத்தான். மணமேடை எங்கே, பந்தி எங்கே என்பதெல்லாம் பிறகு. வாசல் எந்தப் பக்கம், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, வழியில் யாராவது கட்டைப்பையை வைத்திருக்கிறார்களா என்று பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு உட்காரவே தோன்றும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "தாலி கட்டுறதுக்குள்ள தப்பிச்சு ஓடப் போற பொண்ணு மாதிரியில்ல முழிக்கிற" என்பார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு வாசல் தெரியாத இடத்தில் சோறு இறங்காது.

அப்போது நாங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் குடியிருந்தோம். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம். காலையில் தெருமுனைக்குக் கம்பெனி வேன் வரும். ஏறினால், தாயில்பட்டி தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவில் இறக்கிவிடும். கம்பெனி என்றால் ஒரே பெரிய கட்டடம் இல்லை. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக அப்படி. எங்கள் அறையில் நாலு பேர், சுற்றி நாலு வாசல். ஆளுக்கு ஒரு வாசல் என்று கணக்கு. ஆனால் சீசன் சூடு பிடித்தால் ஒரு வாசலை மறைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். அதை எடுக்கச் சொல்லி போர்மேனோடு மல்லுக்கு நிற்பது என் பொறுப்பு.

"ஒரு வாசல் அடைச்சிருந்தா என்னத்தா? நாலு பேரும் ஒண்ணாவா ஓடப் போறீக?" என்பார் அவர்.

"ஒண்ணாத்தான் ஓடுவோம். நீங்க எடுங்கண்ணே" என்பேன். முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார்.

எங்கள் வேலை சரவெடி பின்னுவது. வெடிகளின் திரிகளைச் சேர்த்துச் சேர்த்துச் சணலால் பின்னிக்கொண்டே போக வேண்டும். என் பக்கத்தில் இருந்தவர் எங்கள் தெருக்காரர், அக்கா என்று கூப்பிடுவேன். எதிரே இருந்த இரண்டு பேரும் தாயில்பட்டிக்காரிகள், கூடப் பிறந்தவர்கள். பெரியவள் அதிகம் பேச மாட்டாள். சின்னவள் வாயை மூட மாட்டாள். எல்லோரும் தரையில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்து வேலை பார்த்தோம், ஒருநாள் மத்தியானம் வரைக்கும்.

அன்றைக்கு ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. தரை உதறியது. நாங்கள் எழுந்து ஓடினோம். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். வெகுநேரம் சம்மணம் போட்டிருந்ததில் அவருக்குக் கால் மரத்துப் போயிருந்தது. எழுந்த வேகத்தில் அப்படியே விழுந்து, இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். எங்கள் அறைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வேனில் போகும்போது அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். "சாகுறது கூடப் பரவாயில்லத்தா. காலு மரத்துப் போயில்ல சாகப் பாத்தேன்." எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் யாரும் சம்மணம் போடவில்லை. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவும் இல்லை. நாலு பேரும் குத்தவைத்து உட்கார்ந்தோம். முழங்காலை மடக்கி, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, எந்த நொடியிலும் எழுந்து ஓட வசதியாக. முதல் வாரம் தொடை கடுத்தது. பிறகு பழகிவிட்டது. பயத்தில் பழகிய காரியம் சீக்கிரம் கைவந்துவிடும்.

அடுத்த வருஷம் ஊரையே போட்டுப் புரட்டிய சிக்குன்குனியா என்னையும் விடவில்லை. காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி போகவில்லை. ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிற அளவுக்கு இளைத்துவிட்டேன். ஆனாலும் தீபாவளிக்கான ஆர்டர் குவிந்துகிடந்ததால் வேலைக்குப் போனேன். காலை முதல் மாலை வரை குத்தவைத்த குண்டி நகராமல் பின்னினேன்.

ஒரு சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து அக்கா சத்தம் போட்டார். "ஏத்தா, ஒத்தச் செருப்போட எங்கன போற?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. அது வேன் படியிலேயே கிடந்தது. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் நடந்ததும் தெரியவில்லை. திரும்பப் போய்ப் போடலாம் என்று காலைத் தூக்கினால் தொடை தூக்குகிறது, முழங்கால் தூக்குகிறது, பாதம் மட்டும் தொங்குகிறது. பெருவிரலை அசைக்கப் பார்த்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை. பாதத்தின் மேல்பக்கத்தைக் கிள்ளினேன். யாரோ வேறொருத்தி காலைக் கிள்ளுவது மாதிரி இருந்தது. வலித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் போய்விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொருவரும் ஒரு பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்துக்கொண்டிருந்ததைக் காட்டி, "இது மாதிரிதான், நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றாள். என் காலில் ஒன்றும் புடைக்கவில்லையே என்றால், "உள்ளுக்குள்ள சுருட்டியிருக்கும்" என்று பதில் வைத்திருந்தாள். சிக்குன்குனியா மூட்டைவிட்டு நரம்புக்கு இறங்கிவிட்டது என்றார் ஒருவர். நரம்பு பிசகியிருக்கிறது, எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரியாகும் என்றார் இன்னொருவர். என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"வாதம்."

அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் மாமனார் வாதம் வந்துதான் படுக்கையில் கிடந்து போனார். வாய் கோணி, சோறு ஒருபக்கமாக வழிந்ததை நான்தான் துடைத்துவிட்டேன். அடுத்தது கை, அதற்கடுத்தது வாய் என்று எனக்கு வரிசை தெரியும். விடிந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பேன். சிரித்துப் பார்ப்பேன். கன்னத்தை உப்பிப் பார்ப்பேன். ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓரத்தில் ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். இடது கையால் சொம்பைத் தூக்குவேன். எல்லாம் நன்றாக இருக்கும். அப்படியானால் நாளைக்கு வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். என் மேல் பிரியமானவர்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவரோடு பெரிய தொல்லை. நரம்பு என்ற சொல்லையே வெளியில் சொல்ல மாட்டார். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'நரம்புத் தளர்ச்சியா? கவலை வேண்டாம்' என்று எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களின் விளம்பரம். அது ஆண்பிள்ளைச் சமாசாரம் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த மாதிரி மருந்துக்கு லேபிள் அடித்துக் கொடுத்ததே இவருடைய பிரஸ்தான். கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை, கால் மரத்தல், 'இல்லற வாழ்வில் நாட்டமின்மை' என்று எல்லாவற்றையும் ஒரே லேபிளில் போட்டு, எல்லாம் ஒரே நோய் என்று அடித்திருக்கும். "பொண்டாட்டிக்கு நரம்புக் கோளாறுன்னு நான் போய்ச் சொன்னா, எனக்குன்னுல்ல நினைப்பாங்கெ" என்றார். எனக்கு வந்த கோபத்தில் நடக்கிற காலால் உதைத்திருப்பேன்.

சாத்தூரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நரம்பு வீக்னஸ்" என்று சொல்லி, சிவப்பாக ஓர் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடத்தில்தான் வலி வந்தது.

பிறகு புறா வந்தது. வாதம் விழுந்த காலில் புறா ரத்தத்தைச் சூடாகத் தேய்த்தால் உயிர் திரும்பும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமியார் எங்கோ சொல்லி வைத்து, காலைக் கட்டிய ஒரு சாம்பல் புறாவைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "வேண்டாம் அத்தை" என்றேன். "உங்க மாமாவுக்குத் தேய்க்க நாளாயிருச்சு. உனக்கு அப்படி விட மாட்டேன்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? கோழியைக்கூடத் தானாக அறுக்காத மனுஷி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அறுத்தார். வெதுவெதுப்பாகத் தேய்த்தார். முழங்காலிலிருந்து விரல் வரைக்கும் இரண்டு கையாலும் நீவி நீவி விட்டார். முழங்காலில் அவர் கை பட்டது தெரிந்தது. பாதத்துக்கு அவர் கை வந்ததே எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாவது புறாவுக்கு அப்புறமும் விரல் அசையவில்லை. நானே பிடிவாதம் பிடித்து விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பார்த்த டாக்டர் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மதுரைக்குப் போய் நரம்பு டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊரில் அதற்கு முன் நரம்பு டாக்டரிடம் போனவர் ஒரே ஒருவர்தான். அவர் ஆலமரத்தோடு பேசிக்கொண்டிருந்தவர்.

"காலுதான வரல? நல்லாத்தானத்தா பேசுற. எதுக்கு ஒன்னைய அங்க அனுப்புறாங்க?"

"அது வேற டாக்டர், இது வேற டாக்டர் அத்தை" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே அது நிச்சயமாகத் தெரியாது. மாமியார், அக்கம்பக்கத்தில் கேட்டால் மதுரையில் ஒரு விசேஷத்துக்குப் போகிறோம் என்று சொல்லச் சொன்னார். நொண்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போகிறவளைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பஸ் ஆனைக்குட்டம் வழியாகப் போகிறதா, சாத்தூர் வழியாகப் போகிறதா என்றுகூட என் மனம் கவனிக்கவில்லை. ஒருவேளை எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறதோ, அது காலில் ஆரம்பிக்குமோ என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் காலை நேரத்துக் கூட்டம். நான் வழக்கம்போல வாசல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை பெரிய இடத்தில் எதன் வழியாக வெளியே போவது என்று பிடிபடாமல் எனக்கு வியர்த்துக் கொட்டியது. என் வீட்டுக்காரர் அங்கே நின்ற காவலாளியிடம் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்து, "நரம்பு டாக்டர் எங்கண்ணே?" என்று கிசுகிசுத்தார். காவலாளி அவரைப் பார்த்தார். அங்குமிங்கும் முழித்துக்கொண்டு வியர்த்துப் போய் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஒண்ணும் பயப்படாதம்மா. இப்பிடி எத்தனையோ பேர் வந்து குணமாகிப் போயிருக்காங்க. அந்த லைன்ல நில்லு" என்று அன்பாகக் கை காட்டினார்.

அது மனநலப் பிரிவு. எங்களுக்குத் தெரியாது. பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் இல்லை. மனம், நரம்பு, மூளை எல்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பி என்றுதான் நினைத்திருந்தோம். காலைப் பொழுதில் பாதி அந்த வரிசையில் போனது. உள்ளே ஒரு பெண் டாக்டர் இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். என் சீட்டைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. தூக்கம் வருதா?"

கால் டாக்டர் எதற்குத் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். ஆனாலும் உண்மையைச் சொன்னேன். "வரல டாக்டர்."

"பயமா இருக்கா?"

அதுவரைக்கும் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கிறார்கள், பயமாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் வெடித்தது, அக்கா தவழ்ந்து வந்தது, வாசலைப் பார்க்காமல் உட்கார முடியாதது, கண்ணாடியில் வாயைப் பார்ப்பது, அன்றிலிருந்து குத்தவைத்தே வேலை பார்ப்பது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதில் பாதி அவருக்கே புதிது.

டாக்டர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். "குத்தவச்சா? எம்புட்டு நேரம்?"

"சாப்பாட்டு நேரம் போக மிச்ச நேரமெல்லாம்."

"நடந்து காட்டுங்க."

நடந்தேன். பாதம் தரையில் சப்பென்று அடித்தது. அவர் என் சீட்டை அப்போதுதான் எடுத்துப் படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க வரவேண்டிய இடம் இது இல்லம்மா. நரம்பியல் பக்கத்துக் கட்டடம். இது மனசுக்குப் பாக்குற இடம்" என்றார். நாங்கள் பதறி எழுந்தோம். "இருங்க, தப்பா வந்ததும் நல்லதுக்குத்தான். அங்க கூட்டத்துல இதெல்லாம் சொல்லியிருக்க மாட்டீங்க" என்று சீட்டின் ஓரத்தில் ஏதோ எழுதினார். "எப்பிடி உக்காந்து வேலை பாப்பீங்கன்னு அவர்கிட்டயும் கண்டிப்பாச் சொல்லுங்க."

வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். "டாக்டர், பயத்துக்கு ஏதும் மாத்திரை…"

"தூக்கம் இப்பிடியே வராம இருந்தா வாங்க, பாப்போம். ஆனா வெடிமருந்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்குப் பயம் வரத்தாம்மா செய்யும்."

பக்கத்துக் கட்டடத்து டாக்டர் அவசரக்காரர். சீட்டின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். என்னைப் படுக்கச் சொல்லி, முகத்தையும் கையையும் சோதித்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காலில் பஞ்சால் தொட்டார். பிறகு முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை ஒட்டி விரலால் தட்டினார். பாதத்தின் மேல்பக்கம் முழுக்கச் சுரீர் என்று மின்சாரம் ஓடியது. நான் கத்திவிட்டேன். பாதத்தில் ஏதோ ஒன்று தெரிகிறது என்ற சந்தோஷத்தில் மறுபடியும் தட்டச் சொன்னேன்.

"இங்கதான் நசுங்கியிருக்கு" என்றார். என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்து உருட்டினார். சணல் கனத்தில் ஒன்று தோலுக்கு அடியில் வழுகியது. "இதுதான் நரம்பு. உடம்புல முக்கால்வாசி இடத்துல தொட முடியாது. இந்த மாதிரி சில எடத்துலதான் எலும்பு மேல ஓடுது."

நான் என் புறங்கையில் பச்சையாக ஓடுவதைக் காட்டினேன். "அப்ப இது? பக்கத்து வீட்டம்மாவுக்குக் கெண்டைக்கால்ல சுருட்டியிருக்கே, அது?"

"அது ரத்தக்குழாய். எல்லாரும் நரம்புன்னுதான் சொல்றீங்க. அந்தம்மாவுக்குச் சுருட்டியிருக்கிறதும் ரத்தக்குழாய்தான். ஊசி போடுறப்ப நர்ஸ் 'நரம்பு கிடைக்கல'ன்னு சொல்றாங்கல்ல, அதுவும் அதுதான். அதுல ரத்தம் ஓடும். இதுல சேதி ஓடும்."

"வாதம் இல்லையா டாக்டர்?"

"இல்ல. நீங்க சொல்ற வாதம் மூளையில வர்றது. அது வந்தா பெரும்பாலும் கையோ வாயோ சேர்ந்து போகும். கரண்ட் ஆபீஸ்ல கோளாறுன்னா தெருவே இருண்டுரும். உங்களுக்கு ஒரு வீட்டுக்குப் போற ஒயர்தான் நசுங்கியிருக்கு."

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், இது நரம்புத் தளர்ச்சியான்னு…"

"அப்படி ஒரு வியாதி எங்க புஸ்தகத்துல இல்ல. செவுத்துலதான் இருக்கு."

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வாதம் இல்லை, பைத்தியம் இல்லை, சுருட்டல் இல்லை. என் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பேர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. உடம்பே லேசானது மாதிரி இருந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

"குத்தவச்சு உக்காரும்போது இந்த எடத்துல நரம்பு நசுங்கும். நீங்க வேற காய்ச்சல்ல மெலிஞ்சிட்டீங்க, மெத்தை மாதிரி இருந்த சதையும் போச்சு. இனிமே குத்தவைக்கவே கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. பெரும்பாலும் திரும்பி வந்துரும், ஆனா மெதுவாத்தான் வரும். சில வாரமும் ஆகலாம், சில மாசமும் ஆகலாம்" என்று எழுதிக்கொண்டே கேட்டார். "ஆமா, எதுக்காக நாள் பூரா அப்பிடி உக்காந்தீங்க?"

"தீப்பிடிச்சா ஓடுறதுக்குத்தான் சார்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். ஓடுவதற்காகவே உட்கார்ந்தேன், உட்கார்ந்ததாலேயே ஓட முடியாமல் ஆனேன். இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டை கொடுத்தார்கள். அந்தத் தீபாவளி சீசன் எனக்கு வீட்டில் கழிந்தது. தினமும் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பெருவிரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். வா வா என்று கெஞ்சுவேன். பிறகு திட்டுவேன். திரும்பி வரவே வராத சில பேரில் நானும் ஒருத்தி என்று முடிவே கட்டிவிட்டேன். பொங்கல் கழிந்து ஒருநாள், மாமியார் என் காலடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏத்தா! ஏத்தா!" என்று கத்திக்கொண்டு கீரையை எல்லாம் தட்டிவிட்டு என் பாதத்தைக் கட்டிப்பிடித்தார். பெருவிரல் மேலே தூக்கியிருந்தது. எனக்குத் தெரியாமலேயே தூக்கியிருந்தது. "புறா வேலை செஞ்சிருச்சு பாத்தியா!" என்று அழுதார். டாக்டர் சொன்ன ஒயர் கதையை அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அன்றைக்குச் சொல்லவில்லை. புறாவுக்கும் ஒரு பங்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

மாசியில் மறுபடியும் வேலைக்குப் போனேன். பாதம் முக்கால்வாசி திரும்பியிருந்தது. அவசரமாக எழுந்தால் மட்டும் தடுக்கும். போர்மேனிடம் கேட்டுச் சுவரோரம் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். மூன்று பேரையும் கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே அந்த எலும்பைத் தொட்டுக் காட்டினேன். ஆளுக்கொரு காலில் தேடி, "ஆமா, வழுகுது" என்றார்கள். குத்தவைக்காதீர்கள், உங்களுக்கும் கால் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மறுபடியும் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"காலு போனா திரும்பி வருமுன்னு டாக்டரே சொல்லியிருக்காருல்ல. இங்கன தீப்பிடிச்சா எது திரும்பி வரும்?" என்றார். இரண்டு தாயில்பட்டிக்காரிகளும் குத்தவைத்துத்தான் உட்கார்ந்தார்கள். இருக்கிறதிலேயே அகலமான வாசலை எனக்கு விட்டுக் கொடுத்தார்கள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் படார் என்று ஒரு சத்தம். உடம்பு தானாக எழுந்தது. இடது பாதம் சாக்கின் ஓரத்தில் தடுக்கி முழங்காலில் விழுந்தேன். தலைக்குள் ஒன்றும் இல்லை, வாசல் மட்டும்தான் இருந்தது. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள், யாரோ முதுகைத் தள்ளினார்கள். வெளியே வந்து விழுந்தோம். லோடு ஏற்ற வந்த வேனின் டயர் வெடித்திருந்தது. அவ்வளவுதான். டிரைவர் டயரை உதைத்துக்கொண்டு நின்றார்.

மற்ற அறைகளில் இருந்தவர்கள் எல்லாம் தூரத்தில் கருவேல மரத்தடியில் எப்போதோ போய் நின்றுவிட்டார்கள். அங்கிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையைப் பிடித்தது சின்னவள். முதுகைத் தள்ளியது அக்கா. பெரியவள் என் வாசலில் நின்று கதவைக் காலால் அணைத்துப் பிடித்திருந்தாள். அவரவர் வாசல் அவரவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. மூன்று பேரும் அதை விட்டுவிட்டு என் வாசல் வழியாக, என்னோடு வந்திருந்தார்கள்.

"அறிவிருக்கா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். சின்னவளின் தோளில் அடித்தேன். "எதுக்குக் குத்தவச்சு உக்காந்தீக? ஓடத்தான? ஏன் ஓடல?"

அக்கா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நீ எந்திரிக்கலையேத்தா" என்றார்.

மறுநாள் காலை தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் வீட்டு வாசலிலேயே நின்றேன். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னத்தா, காலு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. சரியில்ல. நீங்க போங்க."

வேன் போன பிறகு காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதம் நேராக எழுந்தது, ஐந்து விரலும் எழுந்தன. இன்னும் கொஞ்ச நாளில் முழுக்கச் சரியாகிவிடும் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அது எவ்வளவு சரியானாலும், அந்த அறையில் ஒரு சத்தம் கேட்டால் அந்த மூன்று பேரும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அதற்கப்புறம் அந்த வேனில் ஏறவில்லை.